ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழில் ஒரு திட்டு

மணியக்காவுக்கு ஒரு திட்டு வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குள் வேண்டும். ஏதோ ஒரு திட்டு இருந்தால் போதும் என்றில்லை. இங்கிலாந்துத் திட்டாக இருக்க வேண்டும், ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழாம் ஆண்டில் மனிதர்கள் வாயில் புழங்கியதாக இருக்க வேண்டும், வாரம் தவறாமல் தேவாலயம் போகிற, தந்தி ஆபீசில் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிற ஒரு பெண் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். நாற்பத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருத்தி திங்கள்கிழமை காலை பஸ்ஸில் இதையெல்லாம் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து பின் வரிசைக்குப் போய்விட்டார்.

மணியக்கா என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. லிஃப்ட் கம்பெனியின் அவசர அறையில் அவளுக்கு வேலை. எந்தக் கட்டடத்திலாவது லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால், உள்ளே இருப்பவர் மணிப் படம் போட்ட மஞ்சள் பொத்தானை அழுத்துவார். அது நேராக இவள் காதில் வந்து அடிக்கும். திரையில் கட்டடத்தின் எண் தெரியும். மெக்கானிக்கைக் கிளப்பிவிட்டு, அவர் போய்ச் சேரும்வரை உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பதினொரு வருஷம் மணிக்குப் பதில் சொல்லிச் சொல்லி மணியக்கா ஆகிவிட்டாள். அந்த அறை நான்காவது மாடியில் இருக்கிறது. அங்கே வேலை பார்க்கிற ஒரு ஜீவன்கூட லிஃப்டில் ஏறுவதில்லை. கேட்டால், படி ஏறுவது உடம்புக்கு நல்லதாம்.

என்ன பேசலாம் என்பதற்கு ஓர் அட்டை உண்டு. பிளாஸ்டிக் உறை போட்டு மேஜையிலேயே ஒட்டியிருக்கிறார்கள். மொத்தம் எட்டு வாக்கியம். 'வணக்கம் சார், நான் லைன்லயே இருக்கேன் சார்' என்பது முதலாவது. 'பயப்பட ஒண்ணுமில்லை சார், உள்ள காத்து வந்துக்கிட்டேதான் இருக்கும் சார்' என்பது மூன்றாவது. மாட்டிக்கொண்டீர்கள் என்று சொல்லக் கூடாது. நின்றிருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். இத்தனை நிமிஷத்தில் ஆள் வருவார் என்று வாயே திறக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சார் அல்லது மேடம் இல்லாமல் ஒரு வாக்கியமும் முடியக் கூடாது. பேச்செல்லாம் பதிவாகிறது. மேற்பார்வையாளர் வாரம் பத்துப் பேச்சை எடுத்துக் கேட்டு மார்க் போடுவார். ஒரு சார் விட்டுப்போனால் அரை மார்க் போச்சு. அதனால் அவருக்கே 'மார்க்கு சார்' என்று பெயர் விழுந்துவிட்டது.

அடுத்தவர் கோபம் மணியக்காவுக்கு அத்துப்படி. முதல் ஐந்து நிமிஷம் சிரிப்பார்கள். அப்புறம் மணி என்ன என்று கேட்பார்கள், கையில் கடிகாரம் கட்டியிருந்தாலும். அப்புறம் கம்பெனியைத் திட்டுவார்கள், பிறகு கட்டடம் கட்டினவனை, பிறகு இவளை. ரொம்ப நேரமானால் சம்பந்தமே இல்லாமல் சொந்த மச்சினனைத் திட்டுகிறவர்களும் உண்டு. எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டு அட்டையைப் படிப்பாள். பதினொரு வருஷத்தில் தன் வார்த்தை என்று ஒன்றை அந்த ஒலிவாங்கிக்குள் அவள் விட்டதில்லை. யாரோ எழுதி வைத்த எட்டு வாக்கியம்தான் அவள் பேச்சு. அதை நினைத்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு எரியும். எரிந்து என்ன செய்ய? அடுத்த மணி அடிக்கும்.

இங்கேதான் தந்தி அம்மாள் வருகிறாள். இங்கிலாந்தின் ஒரு துறைமுக ஊரைப் பற்றிய ஆங்கிலத் தொடர் ஒன்று, அடியில் தமிழ் எழுத்தோடு, டிவியில் நாலு வருஷம் ஓடியது. கப்பல் முதலாளிகள், மாலுமிகள், ஒரு பாதிரியார், இரண்டு கொலை. அந்த ஊர்த் தந்தி ஆபீசில் மூலையில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். எல்லாரும் வந்து அவளிடம் செய்தியைச் சொல்லிவிட்டுப் போவார்கள். நாலு வருஷத்தில் அவள் பேசினது பத்தொன்பது வாக்கியம், மணியக்கா எண்ணியிருக்கிறாள். அதில் பதினொரு தடவை, 'வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா, ஐயா?' மற்ற ரசிகர்கள் கப்பல் தலைவன் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவள் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொடர் முடிந்த பிறகும் விட மனசு வராத நூறு பேர் இணையத்தில் ஒரு குழு வைத்து, அதே மனிதர்களை வைத்துப் புதுப்புதுக் கதைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். ரசிகர் கதை. அந்தக் குழுவுக்கு வேறெங்கும் இல்லாத ஒரு சட்டம் உண்டு. கதை தமிழில் இருக்கலாம். கோபம் மட்டும் ஆங்கிலத்தில், தமிழ் எழுத்தில் இருக்க வேண்டும். ஒருமுறை யாரோ எழுதிய கதையில் ஓர் இங்கிலாந்துப் பிரபு கால்சட்டையில் தேநீரைக் கொட்டிக்கொண்டு, 'அட நாசமாப் போக!' என்று கத்திவிட்டார். குழு மூன்று மாதம் சிரித்தது. எழுதினவர் ஓடியே போய்விட்டார். அதிலிருந்து இந்தச் சட்டம். திட்டோடு கூடவே, அது அந்த ஆண்டில் புழக்கத்தில் இருந்ததற்கும், அப்படிப்பட்ட ஆள் அதைச் சொல்லுவார் என்பதற்கும் ஆதாரம் வைக்க வேண்டும். ஆதாரத்தைச் சரிபார்க்கிறவர் குழுவில் மூத்தவர். எல்லாரும் அவரைத் தணிக்கை ஐயா என்பார்கள். ஆளை யாரும் பார்த்ததில்லை, குரலைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

இப்போது குழு கலையப் போகிறது. கடைசியாக நல்ல கதைகளைத் தொகுத்து ஒரு புத்தகம், இருநூறு பிரதி. ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் பிறகு வருவது சேராது. மணியக்காவின் கதை எல்லாம் முடிந்து தயாராக இருந்தது, திட்டுக்காக விட்டிருந்த ஒரு கோட்டைத் தவிர. கதை இதுதான்: கப்பல் மூழ்கிவிட்டது. பிழைத்தவர்களின் பட்டியல் தந்தியில் வந்துவிட்டது. வாசல்படியில் மாலுமிகளின் மனைவிமார் மழையில் நிற்கிறார்கள். கப்பல் முதலாளி உள்ளே வந்து, 'பட்டியலை மூடி வை, முதலில் என் செய்தியை அனுப்பு' என்கிறார். ஒருதரம், இருதரம், மூன்றுதரம். அப்போது தந்தி அம்மாள் எழுந்து நின்று சொல்கிறாள். என்ன சொல்கிறாள்? அங்கேதான் கோடு. மூன்று மாதமாக அந்தக் கோடு அப்படியே கிடந்தது.

தன் வார்த்தை ஒன்று அச்சில், அட்டை போட்ட புத்தகத்தில் வர வேண்டும் என்று மணியக்காவுக்கு ஆசை. ஆசை என்றால் சின்ன ஆசை இல்லை, சோறு இறங்காத ஆசை.

திங்கள்கிழமை அவள் 'குட் ஹெவன்ஸ்' என்று எழுதி அனுப்பினாள். மதியம் கைபேசியில் தணிக்கை ஐயாவின் குரல் பதிவு வந்தது. பொறுமையான, வறண்ட குரல்.

"அது ஆச்சரியம்மா, கோபம் இல்லை. கப்பல் மூழ்கினதுக்கு அவங்க ஆச்சரியப்படலாம். முதலாளி மோசமா நடக்கறதுல என்ன ஆச்சரியம்? வேற பாருங்க."

செவ்வாய்க்கிழமை 'டிராட் இட்'. பழைய அகராதியின் படப்பிரதியோடு அனுப்பினாள். வீட்டு வேலை செய்கிற பெண்கள் சொன்னதாக ஆதாரம்கூட இருந்தது.

"வயசு சரி. ஆனா கையில இருந்து கரண்டி விழுந்தா சொல்றது அது. வாசல்ல முப்பது பொம்பளைங்க நிக்கறாங்க, கரண்டியா விழுந்திருக்கு?"

அது நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் அவளுக்கு எரிச்சல். 'பை ஜோவ்' என்று சொல்லிப் பார்த்தால் தந்தி அம்மாளுக்கு மீசை முளைத்தது. 'ப்ளடி' என்று சொன்னால் மறுநாள் அவளுக்கு வேலை இருக்காது. 'ஃபிடில்ஸ்டிக்ஸ்' என்று சொன்னபோது பக்கத்து சீட்டுக்காரி, "என்னக்கா, குச்சி ஐஸா?" என்று கேட்டாள். மணியக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மணி அடிக்காத நேரத்தில் நான்கு மாடிப் படியையும் இறங்கி ஏறினாள். தண்ணீர் பாட்டிலை நிரப்பினாள், குடிக்காமல் மறுபடி கொட்டி நிரப்பினாள். பணி அட்டவணையின் பின்பக்கம் முழுக்க வார்த்தைகள், எல்லாவற்றின் மேலும் கோடு.

வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நல்ல மனுஷன், ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். வேனுக்குள் முப்பது பிள்ளைகள் இருப்பதால், குறுக்கே வருகிறவர்களைக் காய்கறியாகத்தான் திட்டுவது அவர் வழக்கம்.

"அடப் பூசணிக்காயேன்னு போடேன்," என்றார் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு. "எனக்கு எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா?"

"இங்கிலாந்துல பூசணிக்காயா?"

"ஏன், அங்க காய்க்காதா? அப்ப முட்டைக்கோஸ்."

"சும்மா இருங்க. மனுஷி உயிரை விட்டுக்கிட்டு இருக்கா, உங்களுக்கு விளையாட்டு."

"உனக்குக் கோபமே வராதேம்மா. கல்யாணமாகி பதினெட்டு வருஷம் ஆச்சு, என்னை ஒருநாள் திட்டியிருக்கியா? திட்டத் தெரியாதவ திட்டு எழுதினா எப்படி வரும்?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். இவளுக்குச் சுருக்கென்று தைத்தது. எழுந்துபோய் ஏற்கெனவே துடைத்த அடுப்பை இன்னொரு தரம் துடைத்தாள்.

புதன்கிழமை 'கன்ஃபவுண்ட் யூ' அனுப்பினாள். நீ நாசமாகப் போக என்பதற்குப் பக்கத்தில் வருவது. ஆனால் கொஞ்சம் சட்டை போட்ட திட்டு. தேவாலயம் போகிறவளும் சொல்லலாம், ஊரும் மன்னிக்கும். நூறு வருஷப் பழமைக்குக் குறைவில்லாமல் ஆதாரம் குவிந்து கிடந்தது. இதுதான், இதேதான் என்று அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. சாயங்காலம் பதில் வந்தது.

"சொல்லோட வயசுல குத்தமே இல்லைம்மா. ஆனா நீங்க காட்டின இடத்துல எல்லாம் சொல்றது யாரு பாருங்க. சுருட்டு பிடிக்கிற பெரிய மனுஷங்க, வேலைக்காரனைப் பார்த்துச் சொல்றாங்க. மேல இருந்து கீழ வர்ற சொல் அது. சம்பளத்துக்கு உக்காந்திருக்கிற பெண், முதலாளியைப் பார்த்து, கீழ இருந்து மேல சொல்லுவாளா? அதுக்கு ஆதாரம் காட்டுங்க, சேர்த்துக்கறேன்."

எங்கே போவாள் ஆதாரத்துக்கு? அப்படிப்பட்ட பெண்கள் சொன்னதை அந்தக் காலத்தில் யார் எழுதி வைத்தார்கள்?

வியாழக்கிழமை பதினொரு மணி இரண்டு நிமிஷத்துக்கு மணி அடித்தது. பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு, இரண்டாம் எண் லிஃப்ட், ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே. மெக்கானிக் ஊருக்கு மறுகோடியில் இருந்தார். பேசினவர் அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். அவருக்குச் சிரிப்புக் கட்டமெல்லாம் கிடையாது. நேராகத் திட்டில்தான் ஆரம்பித்தார்.

"யாரும்மா நீ? எத்தனை தடவை எழுதிப் போட்டிருக்கேன் இந்த லிஃப்டைப் பத்தி! உங்க ஆளுங்களுக்கு மண்டையில ஏதாவது இருக்கா?"

"வணக்கம் சார், நான் லைன்லயே இருக்கேன் சார். உங்ககூட வேற யாராவது இருக்காங்களா சார்?"

"வேலைக்காரி ஒருத்தி. அதை விடு. எத்தனை நிமிஷத்துல வருவான்?"

இருபது நிமிஷம் ஓடியது, முப்பது ஓடியது. அவர் திட்டத் திட்ட மணியக்கா அட்டையை ஒன்றிலிருந்து எட்டு வரை படித்து மறுபடி ஒன்றுக்கு வந்தாள். ஆனால் அவள் காது அவரிடம் இல்லை. அவர் பேச்சுக்குப் பின்னால் ஒரு மூச்சு கேட்டது. மேல்மூச்சு கீழ்மூச்சாக, வரவர வேகமாக. பதினொரு வருஷத்தில் அந்தச் சத்தத்தை அவள் நாலைந்து தடவை கேட்டிருக்கிறாள். மயங்கி விழப்போகிறவர்களின் மூச்சு அது. உடனே தரையில் உட்கார வைத்து, தலையைக் குனியச் சொல்லி, பேச்சுக் கொடுக்க வேண்டும். லிஃப்டில் பேசுகிற துளை பொத்தான்களுக்குக் கீழே ஓர் ஓரத்தில்தான் இருக்கும். அதை அடைத்துக்கொண்டு இந்த ஆள் நின்றிருந்தார்.

"சார், பின்னால இருக்கறவங்களுக்கு மூச்சு வாங்குது சார். கொஞ்சம் தள்ளி நின்னு அவங்களைப் பேச விடுங்க சார்."

"அவ என்ன பேசப்போறா? எனக்குப் பதில் சொல்லு முதல்ல. உன் பேரு என்ன?"

"சார், அவங்க உக்காரணும் சார். கொஞ்சம் வழி விடுங்க சார்."

"உன் பேரைக் கேட்டேன்! உன்னை வேலையை விட்டுத் தூக்கறேனா இல்லையா பாரு."

"சார், தயவுசெஞ்சு..."

அப்போது அவர் அந்தப் பக்கம் திரும்பினார். குரல் தள்ளிப்போனது, ஆனால் நன்றாகவே கேட்டது. "ஏய், என்ன நடிக்கிறியா? எழுந்திரு. கால்ல வந்து விழறா பாரு!"

மணி பதினொன்று நாற்பத்திரண்டு. மணியக்கா எழுந்து நின்றாள். நின்றது அவளுக்கே தெரியாது.

"கன்ஃபவுண்ட் யூ, சார்!"

பக்கத்து சீட்டுக்காரி காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். நாலு நாளாக மென்று துப்பிய வார்த்தைகளில் ஒன்று, வேளை பார்த்து, தானாகவே வந்து குதித்துவிட்டது. லிஃப்டுக்குள்ளிருந்து அந்த மனிதர், சுருதி இறங்கி, சந்தேகத்தோடு கேட்டார்.

"என்னம்மா சொன்னே? டெக்னிக்கலா ஏதாவது பண்ணணுமா?"

"தள்ளி நில்லுங்க சார்."

தள்ளி நின்றார். அப்புறம்தான் அந்தப் பெண்ணின் குரல் வந்தது, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி.

"அம்மா... எனக்குக் கண்ணு இருட்டுது."

"சுவத்துல சாஞ்சு தரையில உக்காருங்க மேடம். தலையைக் குனிஞ்சுக்கோங்க மேடம்."

"மேடமா? என்னையா சொல்றீங்க?"

"உங்களைத்தான் மேடம். உங்க வீட்டுல எத்தனை பேரு மேடம், சொல்லுங்க, ஒவ்வொருத்தர் பேரா மெதுவாச் சொல்லுங்க."

அந்தப் பெண் பேர் பேராகச் சொல்லிக்கொண்டே வந்தாள். நாலாவது பேருக்கு மூச்சு நிதானத்துக்கு வந்தது. ஒன்பது நிமிஷம் கழித்து மெக்கானிக் கதவைத் திறந்தார்.

அன்றைக்கும் மறுநாளும் மணியக்கா கதையைத் தொடவில்லை. வேலை போய்விடும் என்றுதான் நினைத்தாள். வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் காய்கறி ஒன்றும் சொல்லவில்லை.

"நீயா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம், "போனா போகுது போ, வேன் இருக்கு," என்றார்.

சனிக்கிழமை காலை மார்க்கு சார் கூப்பிட்டனுப்பினார். சங்கச் செயலாளரின் புகார் மேஜைமேல் இருந்தது. லிஃப்ட் நின்றதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். கடைசியில் ஒரே ஒரு வரி: 'பணியில் இருந்த பெண் ஏதோ சொன்னார்.' என்ன சொன்னார் என்று எழுத அந்த மனிதருக்குத் தெரியவில்லை, பாவம்.

மார்க்கு சார் கெட்டவர் இல்லை, காகிதத்துக்குப் பயந்தவர். தடை செய்யப்பட்ட வார்த்தைகளின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டார். நாற்பத்தாறு வார்த்தை, தமிழில் முப்பத்தொன்று, ஆங்கிலத்தில் பதினைந்து. பேச்சைப் போட்டார். கேட்டார். விரலைப் பட்டியலில் மேலிருந்து கீழே ஓட்டினார், கீழிருந்து மேலே ஓட்டினார்.

"இது பட்டியல்ல இல்லையேம்மா. இது திட்டா?"

இல்லை சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. மணியக்காவுக்கும் அது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பதினொரு வருஷத்தில் சொன்ன ஒரே ஒரு சொந்த வார்த்தை. அதைப் போய் இல்லை என்பதா?

"திட்டுதான் சார். ஆயிரத்து எண்ணூத்து எண்பத்தேழுல இது நல்ல திட்டு சார்."

மார்க்கு சார் அவளைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"எண்பத்தேழுக்கு நான் பொறுப்பில்லைம்மா," என்று சொல்லிவிட்டுத் தாளில் எழுதினார்: 'தெளிவில்லாத சொல்.' பிறகு முகம் மலர்ந்து, "அதோட பாருங்க, கடைசியில சார் போட்டிருக்கீங்க. மார்க் குறையவே இல்லை," என்றார்.

"சார் போட்டேனா?"

"கேளுங்களேன்."

மறுபடி ஓடவிட்டார். மணியக்கா தன் குரலைக் கேட்டாள். கன்ஃபவுண்ட் யூ. கூரையைப் பிய்க்கிற சத்தம். அதற்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி, ஒரு மூச்சு அளவு. அப்புறம், மேஜையைத் துடைத்து வைக்கிற மாதிரி, சார். இன்னொரு தரம் போடச் சொன்னாள். இன்னொரு தரம். சந்தேகமே இல்லை, அங்கே சார் இருந்தது.

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தவள் சீட்டுக்குப் போகவில்லை. படியில் இறங்கி இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தாள். வேலை தப்பித்துவிட்டது, சந்தோஷப்பட வேண்டும். அவளுக்கோ அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆயுளில் ஒரே ஒருதரம் ஆத்திரம் தலைக்கேறி ஒருவனைத் திட்டினாள். அதிலும் சாரை விட முடியவில்லையே! யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. அட்டையைப் பார்த்துப் படிக்கவில்லை. தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அந்த ஆளைவிட, கம்பெனியைவிட, தன் வாயின் மேல்தான் அவளுக்கு அப்போது கோபம் கோபமாக வந்தது. முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு நன்றாக அழுதாள். மேலே ஏறிப்போன கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர், முழங்கால் வலியா என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

அழுது முடித்ததும் தந்தி அம்மாள் நினைவு வந்தது. பதினொரு தடவை 'வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா, ஐயா?' என்று கேட்டவள். அவளும் எழுந்து நின்றிருப்பாள், கத்தியிருப்பாள், ஒரு மூச்சு விட்டிருப்பாள். அப்புறம்? அவள் மட்டும் என்ன ஆகாயத்திலிருந்தா குதித்தாள்?

அந்தப் படியிலேயே கைபேசியை எடுத்து மூன்று மாதக் கோட்டை அழித்துவிட்டு எழுதினாள். 'கன்ஃபவுண்ட் யூ... சார்!' அடுத்த வரியில் தந்தி அம்மாள் பட்டியலை எடுத்துக்கொண்டு, முதலாளியைச் சுற்றிக்கொண்டு போய், கதவைத் திறந்து, மழையில் நின்றவர்களுக்குப் பேர் பேராகப் படிக்க ஆரம்பித்தாள். அனுப்பிவிட்டு மணியக்கா மேலே போய் அடுத்த மணியை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. விடுமுறையா அது! துவைத்த துணியை மடித்தாள், பிடிக்காமல் உதறி மறுபடி மடித்தாள். வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம் போய், அங்கே அழுக்கு இருக்கு, இங்கே அழுக்கு இருக்கு என்று குறை சொன்னாள். நாலரை மணிக்குத் தணிக்கை ஐயாவின் குரல் வந்தது. ஈரக் கையோடு வீட்டுக்காரரும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"கதை ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா அதே சொல்லைத்தான் திரும்ப அனுப்பியிருக்கீங்க, ஆதாரமும் இல்லை. முதல் ஆட்சேபணை அப்படியே நிக்குது. இப்ப ரெண்டாவதா ஒண்ணு. அவ்வளவு ஆத்திரத்துல யாராவது சார் போடுவாங்களா? அது படிக்கறவனுக்கு உதைக்கும். ஒண்ணு பண்ணுங்க, அந்த சாரை எடுத்துடுங்க. எடுத்துட்டா மத்ததை நான் கண்டுக்காம சேர்த்துடறேன். ஆறு மணிக்குள்ள சொல்லிடுங்க."

"எடுத்துடேன்," என்றார் வீட்டுக்காரர். "ஒத்தை வார்த்தை. புத்தகத்துல வந்துடுமில்ல?"

வந்துவிடும். விரலால் இரண்டு எழுத்தைத் தட்டி அழித்தால் இருநூறு பிரதியில் அவள் கதை வந்துவிடும். மணியக்கா கைபேசியை வைத்துக்கொண்டு வேனைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். சார் இல்லாமல் சொல்லிப் பார்த்தாள். மிடுக்காகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சொல்லுகிறவள் தந்தி அம்மாள் இல்லை, வேறு யாரோ. தானும் இல்லை. இன்னொரு நடை நடந்தாள். ஐந்தே காலுக்கு, எப்போதும் தட்டச்சு செய்து அனுப்புகிறவள், முதல்முறையாகக் குரலிலேயே பதில் சொன்னாள். அவள் முன்னால் அட்டை எதுவும் இல்லை.

"ஐயா, சாரை எடுக்க மாட்டேன். புத்தகத்துல வரலைன்னாலும் பரவாயில்லை. சம்பளத்துக்கு இருக்கற பொம்பளை அப்படிச் சொல்லுவாளான்னு கேட்டீங்க. சொல்லுவா. அவ்வளவு ஆத்திரத்துலயும் சார் வருமான்னு கேட்டீங்க. வரும். ரெண்டுக்கும் ஆதாரம் இருக்கு. வியாழக்கிழமை காலையில பதினொண்ணு நாப்பத்திரெண்டு, எங்க ஆபீஸ்ல பதிவாகியிருக்கு. சொன்னது நான்தான்."

அனுப்பிவிட்டு வேனின் படியில் உட்கார்ந்தாள். ஐந்தரை ஆனது. ஐந்தே முக்கால் ஆனது. வீட்டுக்காரர் கழுவின கண்ணாடியையே கழுவிக்கொண்டிருந்தார். ஆறுக்கு நாலு நிமிஷம் இருக்கையில் தணிக்கை ஐயாவின் குரல் வந்தது. முதலில் ஒரு செருமல், ஏதோ நாற்காலி நகர்கிற சத்தம்.

"நான் கோர்ட்டுல சுருக்கெழுத்து எழுதினவன்ம்மா," என்றார். "முப்பத்தோரு வருஷம். ஜட்ஜும் வக்கீலும் சொல்லச் சொல்ல எழுதணும், அவ்வளவுதான் வேலை. அத்தனை வருஷத்துல என் வார்த்தைன்னு ஒண்ணு சொல்ல எனக்கு ஒருதரம்கூட வாய் வரலை. சார் இருக்கட்டும்."